ரயில்ல மூணு பக்கம் எழுத முடியுமா? பயணத்துக்கு எந்த சுயமுன்னேற்ற புக்?

நெல்லை_அப்பர்பெர்த்:
நேத்து மலர் மேடம் போட்ட பட்டியலைப் பாத்ததுலேர்ந்து மனசே ஆறல. "ரயில் பயணத்துக்கு ஒரே ஒரு புக்னா கிரியேட்டிவிட்டியை வளக்குறதுக்கு ஜூலியா கேமரூன் எழுதின தி ஆர்ட்டிஸ்ட்ஸ் வே தான், காலைல எந்திரிச்சு மனசுல வர்றதை மூணு பக்கம் எழுதினா ஊர் வந்து சேர்றதுக்குள்ள மனசு தெளிஞ்சிடும்"னு எழுதியிருக்காங்க, அதுக்கு நாப்பது லைக் வேற. மேடம், நீங்க ஸ்லீப்பர்ல போயிருக்கீங்களா? நான் ஆறு வருஷமா மாசம் ரெண்டு தடவை நெல்லை எக்ஸ்பிரஸ்ல போறவன். அந்த புக்கை நம்பி நோட்டெல்லாம் வாங்கிட்டுப் போனேன். கோவில்பட்டி தாண்டி எழுத உக்காந்தா மிடில் பெர்த்காரர் இன்னும் தூங்குறாரு, கீழ் பெர்த் ஓரத்துல கழுத்தை மடக்கி முட்டி மேல நோட்டை வச்சு எழுதுறேன், வாஞ்சி மணியாச்சி கிட்ட தண்டவாளம் மாறும்போது வண்டி ஒரு உலுக்கு உலுக்குச்சு, எழுதிட்டிருந்த எழுத்தோட துணைக்கால், பக்கத்தோட ஓரம் வரைக்கும் கோடா இழுத்துட்டுப் போயிருச்சு. அந்த நோட்டு இன்னும் என்கிட்ட இருக்கு. அரைப்பக்கம். ரயில்ல மூணு பக்கம் எழுத முடியாது.

மலர்விழி_எம்:
உங்களால அரைப்பக்கம் தான் முடிஞ்சதுன்னா ஊர்ல எல்லாருக்கும் அரைப்பக்கம் தானா? நான் எழுதுறேன், ரெண்டு வருஷமா எழுதுறேன். மொபைல்ல டைப் பண்ணுவேன், வண்டி எவ்வளவு ஆடினாலும் ஒண்ணும் ஆகாது.

நெல்லை_அப்பர்பெர்த்:
மொபைல்லயா!! அப்ப நீங்க அந்த புக்கையே படிக்கல. கையால எழுதணும்னு அந்தம்மா தெளிவா சொல்லியிருக்காங்க, மூணு பக்கம், கையால. அது மட்டுமில்ல, அது 12 வாரத்துக்கான பயிற்சி, வாரம் ஒரு அத்தியாயம், ஒரு ராத்திரி வண்டியில எதை முடிப்பீங்க? நாலாவது வாரத்துல ஒரு வாரம் முழுக்க எதையுமே படிக்காதேன்னு அந்த புக்கே சொல்லுது, அதைப் போய் பயணத்துல படிக்கிற புக் பட்டியல்ல முதல் இடத்துல வச்சிருக்கீங்க.

கோவை_சரவணம்பட்டி:
ரெண்டு பேரும் விடுங்களேன். பயணத்துக்குன்னா ஆஸ்டின் கிளியோனோட ஸ்டீல் லைக் அன் ஆர்ட்டிஸ்ட், 2012ல வந்தது, கையடக்கமா சின்ன சதுர புக், படமும் பெரிய எழுத்தும், கோயம்புத்தூர்ல ஏறினா சேலம் வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். இல்ல கொஞ்சம் யோசிக்கணும்னா எட்வர்ட் டி போனோவோட சிக்ஸ் திங்கிங் ஹேட்ஸ். ஆறு கலர் தொப்பி, ஒவ்வொண்ணும் ஒரு விதமா யோசிக்கிறது, ஆபீஸ் பிரச்சனை எதையாவது மனசுல வச்சுக்கிட்டு ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு தொப்பின்னு போடலாம், நான் போட்டுப் பாத்திருக்கேன்.

நெல்லை_அப்பர்பெர்த்:
சேலத்துல முடியுற புக்கை வச்சுக்கிட்டு சேலத்துக்கு அப்புறம் என்ன பண்றது, ஜன்னலா? கேள்வி மூணு பக்கம் எழுத முடியுமாங்கிறது. அதுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டேங்குறீங்க.

மலர்விழி_எம்:
பதில் சொல்லியாச்சு, முடியும். அந்த புக் வந்தது 1992ல, அப்ப மொபைல் எங்க இருந்துச்சு, அதுல எழுதலாம்னு சொல்றதுக்கு?

நெல்லை_அப்பர்பெர்த்:
டைப்ரைட்டர் இருந்துச்சுல்ல மேடம்? கம்ப்யூட்டர் இருந்துச்சுல்ல? இருந்தும் கையால எழுதச் சொன்னாங்க, ஏன்னா கை மெதுவா போகணும், மனசு அது கூட நிக்கணும். கட்டை விரலால தட்டுறது மெசேஜ், அந்த புக் சொல்ற காலைப் பக்கம் இல்ல.

மதுரை_பழையபுத்தகம்:
இங்கிலீஷ் புக்கை வச்சுக்கிட்டே அடிச்சுக்குறீங்களே, தமிழ்ல எம்.எஸ்.உதயமூர்த்தி எழுதின எண்ணங்கள்ங்கிற சுயமுன்னேற்ற புக் ஒருத்தர் கண்ணுக்கும் படலையா? அதுக்கும் முன்னாடி அப்துற் றஹீம் இந்த மாதிரி புக் எழுதலையா? எங்கப்பா டவுன் பஸ்ல நின்னுக்கிட்டே எண்ணங்கள் படிச்சவர். பாலசந்தரோட உன்னால் முடியும் தம்பி படத்துல, 1988, கமலுக்கு உதயமூர்த்தினு பேரே வச்சாங்க, அப்படிப்பட்ட மனுஷன். அதுல ஒரு பக்கம் எங்க பிரிச்சாலும் படிக்கலாம், நோட்டும் வேணாம் பேனாவும் வேணாம்.

கோவை_சரவணம்பட்டி:
எண்ணங்கள் நல்ல புக் தான், ஆனா கிரியேட்டிவிட்டிக்கு அது எப்படிங்க?

மதுரை_பழையபுத்தகம்:
நல்ல புக்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு நான் சொல்லவா? போன வருஷம் புத்தகக் கண்காட்சி வாசல்ல வச்சு என்கிட்ட வாங்கிட்டுப் போனீங்க, எங்கப்பா கையெழுத்து போட்ட பிரதி, முதல் பக்கத்துல ஊதா மையில. இன்னும் வரல.

கோவை_சரவணம்பட்டி:
அண்ணே அதை இங்க எதுக்கு இழுக்குறீங்க, கொரியர் பண்றேன்னு சொன்னேன்ல.

நெல்லை_அப்பர்பெர்த்:
உங்க புத்தகப் பஞ்சாயத்தை தனியா வச்சுக்கோங்க. மலர் மேடம், மூணு பக்கம்.

மலர்விழி_எம்:
சரி, நானும் கேக்குறேன். மிடில் பெர்த் ராத்திரி 10லேர்ந்து காலைல 6 வரைக்கும் தான், அது ரயில்வே விதி. 6 மணிக்கு மேல மடக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. வாயைத் திறந்து கேக்க மாட்டீங்க, கழுத்து வலிச்சதுக்கு புக் மேல பழி போடுவீங்க.

நெல்லை_அப்பர்பெர்த்:
அவருக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும். ராத்திரி பூரா இருமிட்டு விடியகாலம் தான் கண்ணு அசந்தாரு. நான் மூணு பக்கம் எழுதணும்னு அவரை எழுப்பச் சொல்றீங்களா? எந்த சுயமுன்னேற்றம் இது? இதையும் எழுதுங்க உங்க பட்டியல்ல. அந்த புக் தப்புன்னு நான் ஒரு இடத்துலயும் சொல்லல, வீட்டுல டேபிள்ல உக்காந்து எழுதிப் பாத்தேன், நாலு மாசம் எழுதினேன், நிஜமாவே நல்லது நடந்துச்சு, வேலை மாறுற தைரியமே அதுல தான் வந்துச்சு. அதனால தான் இவ்வளவு கோவம். ரயில்ல எழுதிப் பாத்துட்டு முடியலைன்னு தூக்கிப் போடுற ஆளுங்க அந்த புக்கையே வெறுத்துடுவாங்க.

மலர்விழி_எம்:
வெள்ளிக்கிழமை வைகை எக்ஸ்பிரஸ்ல மதுரை போறேன். நோட்டுல, கையால, மூணு பக்கம். போட்டோ போடுறேன்.

நெல்லை_அப்பர்பெர்த்:
வைகை சென்னைலேர்ந்து மத்தியானம் தானே கிளம்புது? அது எப்படி காலைப் பக்கம் ஆகும்?

மலர்விழி_எம்:
உங்க கிட்ட பேசி ஜெயிக்க முடியாது. ஆனா எழுதுவேன்.

மதுரை_பழையபுத்தகம்:
மலர் மேடம் மதுரை வர்றாங்கன்னா கோவைக்காரர் அந்த புக்கை அவங்க கிட்ட குடுத்து விடலாமே. ஸ்டேஷனுக்கு நானே வர்றேன்.

கோவை_சரவணம்பட்டி:
அவங்க சென்னைலேர்ந்து வர்றாங்கண்ணே, நான் கோயம்புத்தூர்ல இருக்கேன்.

நெல்லை_அப்பர்பெர்த்:
வெள்ளிக்கிழமை ராத்திரி பாக்குறேன். மூணு பக்கம். அரைப்பக்கம் போட்டோ போட்டா ஒத்துக்க மாட்டேன்.