சுங்கை சிப்புட் மக்களே, நம் தங்கைக்குக் கை கொடுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நம் தோட்டத்துத் தங்கை ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய். வயது 31. மூத்தவள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. இளையவன் இன்னும் பால் போத்தலை விடவில்லை. கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார். போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை. அவர்கள் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஈப்போவில் கீமோதெரபி. அரசாங்க மருத்துவமனை என்பதால் கட்டணம் பெரிய பாரமில்லை. மற்ற எல்லாமே பாரம். சிகிச்சை முடிந்து வந்தால் தாளிக்கிற வாசனைக்கே குமட்டுகிறது. சென்ற முறை மகள்தான் நாற்காலி மேல் ஏறி நின்று தம்பிக்கு மைலோ கலக்கினாள். எட்டு வயதுப் பிள்ளை! நாம் இத்தனை பேர் இருக்கும்போது இது நடக்கலாமா?

சமைத்துக் கொடுப்பவர்கள் காரம் குறைத்து, அன்றன்று சமைத்ததைச் சூடாகக் கொடுங்கள். வேகவைக்காத காய்கறி வேண்டாம். இருமல், சளி உள்ளவர்கள் தயவுசெய்து வீட்டுக்குள் போகாதீர்கள். கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்துவிடும். சாதாரணக் கிருமியும் உயிருக்கு ஆபத்தாகலாம். காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதற்குக் கார் வைத்திருக்கும் அண்ணன்மார் இருவராவது வேண்டும்.

மலாய் மொழிப் படிவங்கள் நிரப்பத் தெரிந்தவர்களும் தேவை. மாக்னா என்ற தேசியப் புற்றுநோய் மன்றத்தின் உதவிநிதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தங்கை தொழிற்சாலையில் வேலை செய்தபோது பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டியிருக்கிறார். இயலாமை ஓய்வூதியம் கிடைக்குமா என்றும் விசாரிக்க வேண்டும்.

பணம் தருபவர்கள் பத்து வெள்ளியானாலும் கோயில் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரும் வியாழன் காலை ஆறு மணிக்கு ஈப்போவுக்குக் கார் வேண்டும். முடிந்தவர்கள் இன்றிரவே சொல்லுங்கள்.