பவர்டேபிள் யூனிட்: கேட்க ஆள் வேண்டும்

கேள்வி:
திருப்பூர் அனுப்பர்பாளையத்தில், பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன பவர்டேபிள் யூனிட் வைத்திருக்கிறேன். ஓவர்லாக், பேட்லாக் என்று எட்டு மெஷின். தைப்பதில் கவலை இல்லை. பில் பணம்தான் மூன்று மாதம் இழுக்கிறது, சனிக்கிழமை சம்பளம் அதுவரை நிற்குமா? சங்கத்தில் பெரிய முதலாளிகள்தானே பேசுவார்கள், நான் யாரிடம் கேட்பது?

பதில் 1:
அக்கா, சங்கம் அப்புறம். முதலில் உங்கள் தெருவைப் பாருங்கள். எந்த கம்பெனி எப்போது பணம் தரும் என்பது காஜா பட்டன் அடிப்பவருக்கும் செக்கிங் கான்ட்ராக்டருக்கும்தான் தெரியும். எங்கள் சந்தில் நாலைந்து யூனிட்காரர்கள் பேசி வைத்திருக்கிறோம். தீபாவளி நெருக்கத்தில் என் பேட்லாக் மெஷினில் லூப்பர் என்ற பாகம் உடைந்தபோது ராத்திரியே பக்கத்து யூனிட்டிலிருந்து வந்துவிட்டது. ஒரே கண்டிஷன், ஒருவர் டெய்லரை இன்னொருவர் இழுக்கக் கூடாது.

பதில் 2:
கணக்கு எழுதுகிறவன் நான். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இருக்கிறதா? இலவசம்தான், ஏஜென்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்த எண்ணைப் பில்லில் போடுங்கள். 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தர 45 நாளுக்கு மேல் போகக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் கம்பெனிக்காரர்கள் அந்தத் தொகையை அந்த வருட வருமான வரிச் செலவில் காட்ட முடியாமல் போகலாம். கணக்கு முடிக்கும் மார்ச்சில் இதைச் சொல்லிப் பாருங்கள், அவர்கள் ஆடிட்டரே போன் செய்வார்!

கேள்வி கேட்டவர்:
பதிவு இருக்குங்க, பில்லில் போட்டதில்லை. தம்பி, உங்கள் சந்து எந்தப் பக்கம்?