தை மழையும் வயற்கணக்கும்: மட்டக்களப்பு, அம்பாறை அனுபவப் பகிர்வு

கொக்கட்டிச்சோலைப் பக்கத்து விவசாயி

காலநிலை மாற்றத்தால் வேளாண்மைக்கு என்ன நட்டம் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் விளைச்சல் எவ்வளவு குறைந்தது என்பதையே அறிய விரும்புகிறார்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பெரும்போகம் (மழைக்கால நெற்செய்கை) செய்து வரும் எனக்கோ, கதிர் நிறைய விளைந்து நின்ற வருடத்திலும் கடன் மிஞ்சிய அனுபவம் உண்டு. ஒரு போகத்தில் மொத்தம் எவ்வளவு மழை பெய்தது என்பதைக் காட்டிலும், அது எந்தக் கிழமையில் பெய்தது என்பதே இப்போது எங்கள் கணக்கைத் தீர்மானிக்கிறது.

வாவியோரப் பள்ளக் காணிகளில் புரட்டாதிக் கடைசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ விதைத்துவிட வேண்டும். கார்த்திகை வெள்ளம் வருமுன் பயிர் நிமிர்ந்துவிட்டால்தான் தண்ணீரைத் தாங்கும். அப்படி விதைத்த மூன்றரை மாத நெல் தைப்பொங்கலை அண்டி வெட்டுக்கு வரும். அந்த நாட்களில் மழை தணியத் தொடங்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஒழுங்கு முழுவதும் நின்றது. 2011இல் தையிலும் மாசியிலுமாக இரண்டு தரம் வெள்ளம் வந்தபோது, இனி இப்படியொன்றைப் பார்க்க மாட்டோம் என்றே பெரியவர்கள் சொன்னார்கள். 2024 தையில் மழை மிகுந்து அம்பாறையின் பெரிய குளமான சேனாநாயக்க சமுத்திரத்தின் வான்கதவுகளைத் திறக்க வேண்டியதாயிற்று; அதே ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயலோடு வந்த மழை இளம்பயிரை மூடியது. பிந்தி விதைத்தால் கார்த்திகையில் பயிர் அழுகுகிறது, முந்தி விதைத்தால் தையில் கதிர் முளைக்கிறது.

முளைத்த கதிரைக் காணாதவர்களுக்காக எழுதுகிறேன். தண்ணீரில் சாய்ந்து சில நாட்கள் கிடந்த கதிரைத் தூக்கிப் பார்த்தால் மணிகளின் நுனியில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கதிர்கள் பாய் போல எழும்பி வரும். அதை வெட்டவும் செலவு கூடுதல். டயரில் ஓடும் வெட்டு மெசின் சேற்றில் இறங்காது, சங்கிலிப் பட்டையில் ஓடும் செயின் மெசினைத்தான் தேட வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் தேடுவதால் அது கிடைப்பதும் அரிது; சாய்ந்த பயிரில் அது ஊர்ந்து போக எடுக்கும் நேரத்துக்கு ஏற்ப வாடகையும் ஏறிவிடும். விதைப்பிலிருந்து வெட்டு வரை ஏக்கருக்கு ஒரு இலட்சம் ரூபாவுக்கு மேல் கொட்டிய பிறகு வருகிற செலவு இது.

இன்னொன்று முகத்துவாரம், வாவி கடலோடு சேரும் மணல் மூடிய வாய். வாவி நிரம்பி வயலுக்குள் ஏறும்போது முகத்துவாரத்தை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடும்படி நாங்கள் கேட்கிறோம். வெட்டினால் இறாலும் மீனும் தண்ணீரோடு போய்விடும் என்று வாவி மீனவர்கள் மறுக்கிறார்கள். அவர்களுடைய பிழைப்பும் எங்களுடையதைப் போலவே ஒரு பருவத்தை நம்பியது என்பதால் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கூட்டம் கூடி, முடிவெடுத்து, பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) வந்து மணலைக் கிளறும் வரைக்கும் கதிர் காத்திருப்பதில்லை.

சம்மாந்துறை நெல் வியாபாரி

அண்ணன் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் ஈர நெல்லை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள் என்று எங்கள் மேல் விழும் பழிக்கு ஒரு விளக்கம் தர வேண்டும். களஞ்சியத்தில் வைக்கும் நெல்லின் ஈரப்பதன் 14 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 22 சதவீத ஈரத்தோடு வரும் 100 கிலோ நெல்லை அந்த அளவுக்குக் காயவைத்தால் ஏறத்தாழ 91 கிலோதான் மிஞ்சும். காயவைக்கும் கூலியும், முளைத்த மணி ஆலையில் குறுணலாக உடைவதும் வேறு. வெயில் இருந்தால் விவசாயியே வீதியோரத்தில் பரப்பிக் காயவைத்துவிடுவார். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் ‘நாடு’ என்ற நெல்வகைக்குக் கிலோ 120 ரூபா, சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 என்று விலை அறிவித்தது. அறிவிக்கப்படும் விலை காய்ந்த நெல்லுக்குரியது. இங்கே வெட்டு மற்ற மாவட்டங்களுக்கு முந்தி வருவதால், விலை அறிவிக்கப்படும் முன்பே ஈர நெல்லை விற்றுக் கடனடைத்தவர்கள் பலர். எங்களில் சிலர் அந்த அவசரத்தைப் பயன்படுத்தி அளவுக்கு மீறி விலை குறைப்பதையும் நான் மறைக்கவில்லை.

வரட்சியில் கதை மறுபுறமாகும். 2016இல் 44 இலட்சம் மெற்றிக் தொன்னாக இருந்த நாட்டின் நெல் உற்பத்தி 2017இல் 24 இலட்சத்துக்கு இறங்கியது. வெளிநாட்டிலிருந்து அரிசி வந்து விலையை ஓரளவு பிடித்து நிறுத்தியது, ஆனால் குற்றுவதற்கு நெல் இல்லாத ஆலையில் மூடை தூக்குகிறவருக்கு ஏது நாட்கூலி? குளத்து நீர் எட்டாத மானாவாரிக் காணிக்காரர்கள் அந்தப் போகத்தில் விதைநெல்லைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை.

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு கூட்டுறவு ஊழியர்

நான் கடன் மேசையில் இருக்கிறேன். பயிர்ச் செய்கைக் கடனின் தவணைத் திகதிகள் தை, மாசியில் அறுவடை முடிந்து காசு கையில் வந்துவிடும் என்ற எண்ணத்தில் வைக்கப்பட்டவை. வெள்ளத்தால் வெட்டு மூன்று கிழமை பிந்தினாலும் திகதி பிந்துவதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் நகை. அடகு வைப்பவர், குளத்து நீரை நம்பிய அடுத்த போகமான சிறுபோகத்தில் மீட்டுவிடலாம் என்று எண்ணுகிறார். சிறுபோகத்துக்குக் குளத்தில் நீர் போதாமல் விதைப்புப் பரப்பைக் குறைத்தாலோ, பூக்கும் நேரத்தில் வரண்ட கச்சான் காற்று கடுமையாக வீசி, மணி பிடிக்காத சப்பி நெல் கூடினாலோ, வட்டி முதலை விழுங்கிவிடுகிறது. 2024 வெள்ளத்தின்போது பயிர்க் காப்புறுதியில் நெல்லுக்கு ஏக்கருக்கு அதிகபட்சம் 40,000 ரூபா என்பதே பேசப்பட்ட தொகை. மேலே அண்ணன் சொன்ன செலவோடு அதை வைத்துப் பாருங்கள். முளைத்த நெல்லைக் குறைந்த விலைக்கு விற்றவருக்கு, இழப்பீடு கேட்க அழிவு என்று காட்ட வெறும் வயலும் இல்லை.

வெப்பம் கட்டுக்குள் வராமல் போனால் 2050 அளவில் இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 7.7 சதவீதம் வரை இழக்க நேரிடலாம் என்று உலக வங்கி 2018இல் கணித்தது. அது நாடு முழுவதற்குமான சராசரி. அடகுச் சீட்டைப் புதுப்பிக்க வருகிறவர்களைப் பார்க்கும்போது, அந்த இழப்பு எல்லா வீட்டிலும் ஒரே அளவில் இறங்கப் போவதில்லை என்று தெரிகிறது.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்து விவசாயி

தங்கச்சி சொன்ன தவணைத் திகதி விடயத்தை எங்கள் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பில் எழுப்பினோம். வெட்டு முடிந்த நாளிலிருந்து தவணையைக் கணக்கிட வேண்டும் என்பதே கோரிக்கை. வரும் பெரும்போகத்தில் மேட்டுக் காணியில் மூன்று மாத நெல்லைப் பிந்தி விதைக்கவும், பள்ளக் காணியை வழக்கம்போல முந்தி விதைக்கவும் எண்ணியிருக்கிறேன். மூன்று மாத நெல்லில் விளைச்சல் சற்றுக் குறையும், ஆனால் இரண்டு காணியும் ஒரே மழையில் அகப்படாது. நெல் உலர்த்தும் இயந்திரத்தைக் கூட்டாக வாங்கி நடத்தும் அமைப்பு அம்பாறைப் பக்கத்தில் எங்காவது இருந்தால், எரிபொருளும் கூலியும் சேர்த்து மூடைக்கு என்ன செலவாகிறது என்பதை வியாபாரித் தம்பியோ வேறு யாரோ எழுதினால் உதவியாக இருக்கும்.