ஆமை நடையில் பயிற்சித் தன்னார்வலராகச் சேர விருப்பம். என்ன வேலை தருவார்கள்?

தாம்பரம் கதிர்:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 24. பி.காம். முடித்துவிட்டு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். காட்டுயிர் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கையால் ஏதாவது செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. வெளிநாட்டில் இரண்டு வாரப் பயிற்சி ஒன்றை விசாரித்தேன். அதற்கான கட்டணம் என் நான்கு மாதச் சம்பளம். சென்னையிலேயே ஜனவரி முதல் கடலாமை முட்டைகளைக் காப்பாற்ற ராத்திரி நடை போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். விலங்கியல் படிக்காதவனைச் சேர்ப்பார்களா? வாரநாட்களில் 9 மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டும். ராத்திரி முழுக்கக் கடற்கரையா என்று அம்மா வேறு பயப்படுகிறார்.

கரிக்கிலி நாரை:
தாராளமாகப் போங்கள். ராத்திரி நடை ஒத்துவராவிட்டால் வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பில் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்குப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில்தான் பறவை பார்க்கும் கண் வந்தது. ஆமை நடை பற்றி நம் திருவான்மியூர் அக்காவுக்குத்தான் தெரியும். அவர் வரும்வரை பொறுங்கள்.

திருவான்மியூர் தையற்காரி:
கதிர் தம்பி, நான் பத்தாவது வரை படித்தவள். தையல் கடை வைத்திருக்கிறேன். இது எனக்கு ஏழாவது சீசன். சேர்ப்பார்களா என்ற கேள்விக்கு இதுவே பதில். 1988லிருந்து ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் இந்த நடையை நடத்துகிறது. பெயரில்தான் மாணவர்கள். எல்லா வயதுக்காரர்களும் வருகிறார்கள். தனியாக மட்டும் போய்விடாதே. இங்கே முட்டையிட வரும் பங்குனி ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. வனத்துறை அனுமதி பெற்ற குழுவோடு இல்லாமல் அதன் முட்டையைத் தொடுவதே குற்றம்.

வார இறுதியில் பொதுமக்களை அழைத்துப் போகும் நடை உண்டு. முதலில் அதற்கு வா. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர், பூராவும் மணல். இரண்டு மூன்று முறை வந்த பிறகும் உனக்கு ஆசை இருந்தால் வாரத்தில் ஓர் இரவை ஏற்றுக்கொள். சனிக்கிழமை என்றால் மறுநாள் தூங்கலாம். கூட்டமாகத்தான் போவோம், பெண்களும் இருப்போம் என்று அம்மாவிடம் சொல்.

இனி வேலையைச் சொல்கிறேன். பாதி இரவுகளில் ஒன்றும் கிடைக்காது, சும்மா நடக்க வேண்டியதுதான். கண் மட்டும் அலையின் ஈரம் முடியும் இடத்திலேயே இருக்க வேண்டும். ஆமை ஏறி வந்த தடம் டிராக்டர் டயர் போன மாதிரி தெரியும். ஏறிய தடம், இறங்கிய தடம் என்று இரண்டு இருக்கும். சில சமயம் நாயோ வெளிச்சமோ மிரட்டி, முட்டையிடாமலே திரும்பியிருக்கும். தடங்களுக்கு நடுவில் மணல் வாரி இறைத்தது போல் கிடந்தால் உட்கார்ந்து, குச்சியை மெல்ல அழுத்திப் பார்ப்போம். இறுகிய மணலில் குச்சி நிற்கும். குழி இருக்கும் இடத்தில் தடையில்லாமல் உள்ளே போகும். முட்டையில் குத்திவிடாமல் அங்கே நிறுத்தத் தெரிய வேண்டும். இதைக் கற்க எனக்கு ஒரு சீசன் பிடித்தது.

அதற்குப் பிறகு கைதான். படுத்துக்கொண்டு முழங்கை வரை உள்ளே விட்டுத் தோண்ட வேண்டும். விரல் நுனியில் வழுவழுவென்று ஈரம் தட்டும். அதுதான் முதல் முட்டை. பிங்பாங் பந்து அளவு இருக்கும். ஓடு தோல் மாதிரி, அழுத்தினால் குழியும். நூறு, நூற்றிருபது முட்டைகள். ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பையில் வைக்க வேண்டும். (அந்தப் பைகளை நான் தைத்துத் தருகிறேன். மடிப்பு வெளிப்பக்கம் வரும்படி தைப்பேன், உள்ளே இருந்தால் மணல் அதில் தங்கிவிடும்.) இட்ட சில மணி நேரத்துக்குள் இடம் மாற்றிவிட வேண்டும். அப்புறம் கரு ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் முட்டையைப் புரட்டினால் உள்ளே இருப்பது செத்துவிடும்.

எடுத்த முட்டைகளைக் காவலில் வைத்துப் பொரிக்க விடும் இடம்தான் பொரிப்பகம். அங்கே அதே ஆழத்துக்குக் குழி வெட்டுவோம். ஏறக்குறைய ஒன்றரை அடி, வாய் குறுகி அடிப்பக்கம் அகன்று குடம் மாதிரி இருக்க வேண்டும். ஆமை தன் பின்கால்களால் அப்படித்தான் வெட்டுகிறது. 45 நாளிலிருந்து 60 நாளுக்குள் பொரிக்கும். ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். அதனால் வெயில் ஏறும் மாதங்களில் நிழலும் பார்க்க வேண்டும்.

உனக்கென்று ஒன்று சொல்ல வேண்டும், நீ கணக்குப் படித்தவன். என் முதல் சீசனில் ஒரு ராத்திரி அறுபதுக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போனது. கேட்க வெட்கமாக இருந்தது. ரெஜிஸ்டரில் 112 என்று எழுதிவிட்டேன். குஞ்சுகள் வெளியேறிய பிறகு குழியைத் திறந்து வெற்று ஓடு, பொரிக்காத முட்டை, செத்த குஞ்சு எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணுவோம். அன்று கூட்டினால் 127 வந்தது. நூறு முட்டை வைத்தால் எத்தனை பிழைக்கிறது என்ற கணக்கை வைத்துத்தான் குழியின் ஆழம், நிழல், ஈரம் சரியா என்று பார்க்கிறார்கள். என் வரியால் அந்தக் குழிக்கு அந்தக் கணக்கு இல்லாமல் போனது. மூத்தவர் திட்டவில்லை. "தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதும்மா" என்றார். இன்றும் நான் பத்து பத்தாகக் குவித்துத்தான் எண்ணுகிறேன்.

இன்னொன்றுக்கும் மனதைத் தயார் செய்துகொள். செத்த ஆமைகள் ஒதுங்கும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையிலும் தெற்கேயும் நூற்றுக்கணக்கில் கிடந்தன. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. விசைப்படகு இழுத்துப் போகும் இழுவைமடி வலையில் மாட்டி மணிக்கணக்கில் மேலே வர முடியாவிட்டால் மூழ்கிப்போகும். கழுத்து வீங்கி, கண் பிதுங்கி இருக்கும். நான் இடுப்பிலேயே இன்ச் டேப் வைத்திருக்கிறேன். ஓட்டின் வளைவோடு வைத்து அளந்து எழுதுவேன். அடுத்த குழு மறுபடி எண்ணாமலிருக்க ஓட்டில் பெயிண்டால் ஒரு கோடு போடுவோம். முதல் தடவை என் கை நடுங்கியது. எழுத்து கோணலாக வந்தது. ஆனாலும் எழுதினேன்.

குப்பத்துப் பையன்:
அக்கா சொன்னதெல்லாம் சரி. ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஆமை சாவது எல்லா மீனவர்களாலும் அல்ல. எங்கள் அப்பா பைபர் படகில் செவுள் வலை போடுகிறவர். ஆமை சிக்கினால் வலையை அறுத்து விடுவார், வலைக்குத்தான் நஷ்டம். கரையை ஒட்டி இழுவைமடி அடிக்கும் விசைப்படகுகளால் எங்கள் மீனும் போகிறது, ஆமையும் போகிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் அவர்கள் வரக்கூடாது என்று விதி இருக்கிறது. கதிர் அண்ணா, நடக்கும்போது குப்பத்தின் முன்னால் காயும் வலைகளை மிதிக்காதீர்கள். விடியற்காலையில் ஆட்கள் இருந்தால் நின்று பேசுங்கள். எந்த இடத்தில் ஆமை ஏறியது என்று எங்கள் ஆட்களுக்கு உங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.

தாம்பரம் கதிர்:
அக்கா, தம்பி, நன்றி. மார்ச் மாதம் எங்களுக்குக் கணக்கு முடிக்கும் நேரம். ராத்திரி பத்து வரை ஆபீஸில் இருக்க வேண்டி வரும். அந்த மாதம் மட்டும் வரமுடியாமல் போனால் தப்பாக நினைப்பார்களா?

திருவான்மியூர் தையற்காரி:
தப்பில்லை, முன்கூட்டியே சொல்லிவிடு. வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருப்பதுதான் கஷ்டம். அந்த நாள் நாலு பேர் செய்ய வேண்டியதை இரண்டு பேர் செய்ய வேண்டியிருக்கும். மார்ச் போனால் ஏப்ரலில் வா. அப்போது பொரிப்பகத்தில் ஆள் தேவைப்படும். குழிமேல் கவிழ்த்த கூடைக்குள் குஞ்சுகள் மொய்க்கும். எண்ணிவிட்டு இருட்டில் அலையருகே விடுவோம். வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் அவை ஓடும். பின்னால் ஊர் விளக்கு எரிகிறதே, அதனால் கடல் பக்கம் ஒருவர் டார்ச்சோடு நிற்க வேண்டும். அந்த வேலையை உனக்குத் தரச் சொல்கிறேன்.

தாம்பரம் கதிர்:
போன சனிக்கிழமை வந்தேன். அக்கா அன்று வரவில்லை. நீலாங்கரையிலிருந்து நடந்தோம். குழி எதுவும் இல்லை. கொட்டிவாக்கம் தாண்டி ஓர் ஆமை செத்துக் கிடந்தது. டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன். 68 செ.மீ., பெண். ரெஜிஸ்டரில் என்னை எழுதச் சொன்னார்கள். மணி 2.40. வரும் சனிக்கிழமையும் பெயர் கொடுத்திருக்கிறேன்.