திரையில் காய்ந்த பொட்டு: எடுப்பது எப்படி, கெடுப்பது எது?

லேப்டாப் சர்வீஸ்:
ஆயுத பூஜை முடிந்ததும் பெஞ்சுக்கு வருகிற மானிட்டர்களில் ஒரே மாதிரி காயம் இருக்கும். மேலே நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம், சுற்றிலும் வட்ட வட்டமாகக் கீறல். பொட்டு வைத்ததால் வந்த கீறல் இல்லை அது. காய்ந்த பிறகு நகத்தாலும் கைக்குட்டையாலும் தேய்த்ததால் வந்தது.

ஆபீஸ் மானிட்டரிலும் பளபளப்பு இல்லாத லேப்டாப் திரையிலும் நம் கைக்குப் படுவது கண்ணாடி இல்லை. போலரைசர் என்ற பிளாஸ்டிக் ஃபிலிம். வெளிச்சம் எதிரொளித்துக் கண் கூசாமலிருக்க அதன் மேல் மிக நுண்ணிய சொரசொரப்பு இருக்கும். பேனலின் (திரைப் பலகையின்) விவரத்தாளான டேட்டாஷீட்டில் பெரும்பாலும் "3எச்" என்று கடினத்தைப் போட்டிருப்பார்கள். அது பென்சில் கணக்கு. 3எச் பென்சில் கீறாது என்று அர்த்தம். மணல் துகள் கண்ணாடியையே கீறும்போது இந்த ஃபிலிம் எம்மாத்திரம்? காய்ந்த சந்தனம், விபூதி, அதில் ஒட்டிய தெருத் தூசி எல்லாம் சேர்ந்து உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். சொரசொரப்பு தேய்ந்த இடம் மட்டும் பளபளக்கும். திரையை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் சாய்த்துப் பாருங்கள், எண்ணெய் பட்ட காகிதம் போலத் தெரியும். அதற்கு வைத்தியம் கிடையாது. பேனலை மாற்றத்தான் வேண்டும்.

எடுக்கும் முறை: மின் இணைப்பைப் பிடுங்கி, 15 நிமிடம் ஆறவிடுங்கள். உள்ளங்கை அளவு மைக்ரோஃபைபர் துணியை டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்து, சொட்டு விழாத அளவுக்குப் பிழியுங்கள். பொட்டின் மேல் ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். ஊறியதும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். வெளிப்பக்கமாக இழுத்தால் குங்குமம் பரவும். ஒவ்வொரு ஒற்றலுக்கும் துணியின் புது மடிப்பு. மூன்று, நான்கு தடவையில் சந்தனம் மொத்தமும் வந்துவிடும். சிவப்புச் சாயல் மட்டும் நின்றால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து, துணியில் தொட்டு ஒற்றுங்கள். இரண்டு தடவைக்கு மேல் போகாத சாயத்தை விட்டுவிடுங்கள். லேசான சாயம் கண்ணுக்குப் பழகிவிடும், தேய்ந்த ஃபிலிம் பழகாது.

அடுத்த வருஷம் பொட்டை ஸ்டாண்டிலோ சிபியூ கேபினெட்டிலோ வைத்துவிட்டால் இந்த வேலையே இல்லை.

ஆபீஸ் ஐடி:
சர்வீஸ் அண்ணன் சொன்ன முறையில் தண்ணீர் பற்றி மட்டும் கூடுதலாக. பைப் தண்ணீர் காய்ந்தால் உப்புப் புள்ளி நிற்கும். போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் புள்ளியை எடுக்க மறுபடி தேய்ப்பார்கள், கீறல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் போதும். சீல் உடையாத பாட்டிலாக வாங்குங்கள். பேட்டரி கடையில் ஆசிட் பாட்டிலும் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் படித்துவிட்டு எடுங்கள்.

ஹேண்ட் சானிடைசர் வேண்டவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாவிலேயே தோல் வறளாமலிருக்க 1.45 சதவீதம் கிளிசரால் சேர்க்கிறார்கள். ஆல்கஹால் பறந்த பிறகு அந்தக் கிளிசரால் திரையில் பிசுக்காகத் தங்கும், தூசி அதில் வந்து ஒட்டும். அம்மோனியா கலந்த கண்ணாடி ஸ்ப்ரே, அசிட்டோன், தின்னர் மூன்றும் ஃபிலிமையே தாக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரால் ஸ்டிக்கர் பசையை எடுக்கப் போய், அந்த இடம் வெண்மேகம் படர்ந்தது போல ஆகிவிடுவதுண்டு.

டிஷ்யூ பேப்பரும் பழைய பனியனும் கைக்கு மெத்தென்று இருக்கும். டிஷ்யூவில் மரநார் இருக்கிறது. பனியனில் துவைத்தும் போகாத தூசி இருக்கிறது.

பேனல் ரிப்பேர்:
நேராகத் திரையில் ஸ்ப்ரே அடிப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பேனல் போவதற்கு அதுவும் பெரிய காரணம். அடித்த நீர் வழிந்து கீழ் ஓரத்துக்கு வரும். ஃபிரேமுக்கும் பேனலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி, நீரைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். லேப்டாப்பில் படத்தை ஓட்டும் டிரைவர் சிப்புகள் பெரும்பாலும் அந்தக் கீழ் ஓரத்தில்தான், காகிதம் போல மெல்லிய ஃபிலிமில் ஒட்டப்பட்டிருக்கும். ஈரம் அங்கே போனால் மேலிருந்து கீழாகக் கோடு விழும். அன்றைக்கே விழ வேண்டும் என்றில்லை. துரு ஏறி, சில வாரம் கழித்தும் விழும். அதனால்தான் துடைத்ததற்கும் கோட்டுக்கும் சம்பந்தம் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. பின்னால் இருக்கும் வெளிச்சம் பரப்பும் தாள்களுக்கு நடுவே நீர் போனால் கோடு வராது. ஓரத்தில் தீவு வரைபடம் போலக் கறை நிற்கும்.

தெரியாமல் அடித்துவிட்டால் ஆன் செய்து பார்க்காதீர்கள். பவரைப் பிடுங்கி, வழிந்ததை உடனே ஒற்றி, ஒரு முழு நாள் மின்விசிறிக் காற்றில் வையுங்கள். ஹேர் டிரையர் சூடு கூடாது, ஃபிலிம் உப்பும்.

போட்டோ எடிட்டிங்:
கண்ணாடித் திரைக்கு விதி கொஞ்சம் வேறு. ஆப்பிள் தன் சாதாரணக் கண்ணாடித் திரைகளை 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துடைப்புத் தாளால் மென்மையாகத் துடைக்கலாம் என்கிறது. கண் கூசாமலிருக்க மேற்பரப்பை நுண்ணியதாகச் செதுக்கிய நானோ-டெக்ஸ்ச்சர் கண்ணாடிக்குக் கூடவே வரும் துணி மட்டும்தான். போகாத கறைக்கு அதே துணியில் 70 சதவீதக் கரைசல். அந்தத் துணியைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கையால் அலசி, 24 மணி நேரமாவது உலர்த்த வேண்டும். எந்த மைக்ரோஃபைபர் துணிக்கும் கம்ஃபர்ட் போன்ற மென்மையாக்கி போடாதீர்கள். அது இழையில் படலமாகப் படிந்து, துடைக்கும்போது திரையில் கோடு கோடாக இறங்கும்.

கண்ணாடி கெட்டி என்றாலும் அதன் மேல் பூசிய எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு மெல்லியது. சில மேக்புக் புரோக்களில் அது தோல் உரிவது போல உரிந்து, 2015-ல் ஆப்பிளே இலவசமாகத் திரை மாற்றிக் கொடுத்தது. அதனால் பளபளப்புத் திரையிலும் அழுத்தம் வேண்டாம்.

மூடிய லேப்டாப்பில் கீபோர்டு சதுரம் சதுரமாகத் திரையில் பதிவது கீயில் உள்ள கை எண்ணெய். கீபோர்டைத் துடைத்தால் குறையும். அதைத் தடுக்க நடுவே தடித்த துணி வைத்து மூடாதீர்கள். வெப்கேம் மூடி விஷயத்தில் ஆப்பிள் சொல்லும் அளவே 0.1 மில்லிமீட்டர்தான், சாதாரண பிரிண்டர் பேப்பர் கனம். அதற்கு மேல் போனால் மூடும்போது திரையில் விரிசல் விழலாம்.

லேப்டாப் சர்வீஸ்:
மழைக்காலம் என்பதால் இதையும் சேர்க்கிறேன். சாயங்காலம் விளக்குக்கு வரும் கடுகிலும் சின்னப் பூச்சி, ஃபிரேம் இடுக்கு வழியாகப் பேனலுக்குப் பின்னால் புகுந்துவிடும். திரையில் ஒரு கரும்புள்ளி ஊர்வது தெரியும். துடைத்தால் போகாது, விரலால் அழுத்தினால் உள்ளேயே நசுங்கி நிரந்தரப் புள்ளியாகிவிடும். டெட் பிக்சல், அதாவது வேலை செய்யாமல் போன திரைப்புள்ளி என்றால் விளிம்பு கூராக, சதுரமாக, அசையாமல் இருக்கும். பூச்சியின் நிழல் விளிம்பு மங்கலாக இருக்கும்.

மானிட்டரை அணையுங்கள். அறை விளக்கையும் அணைத்து, ஃபிரேம் ஓரத்தில் ஒரு டார்ச் வையுங்கள். வெளிச்சம் பார்த்து அதுவாக வெளியே வர வாய்ப்பு உண்டு. உள்ளேயே செத்துப்போனாலும் நசுங்காமலிருந்தால் காய்ந்து உதிரும். சில நாள் கழித்து ஃபிரேமின் பக்கவாட்டில் விரல் நுனியால் மெதுவாகத் தட்டினால் கீழே இறங்கி ஃபிரேமுக்குப் பின் மறைந்துவிடும். அதுவரை அந்த இடத்தில் துணி கூடப் படக் கூடாது.