புதுப்பிப்பு: தம்பியின் இறையியல் படிப்புக்குப் பணம் கிடைத்துவிட்டது

சிரம்பானில் உள்ள செமினரி தியோலோஜி மலேசியா என்ற இறையியல் கல்லூரியில் தம்பி படிக்க எப்படிப் பணம் புரட்டுவது என்று சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருந்தேனே, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சேர்ந்துவிட்டான்.

அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். உயர்கல்விக் கடன், எம்.கியூ.ஏ. (கல்வித் தகுதிகளை அங்கீகரிக்கும் அரசு அமைப்பு) அங்கீகாரம் உள்ள படிப்புக்குத்தான் கிடைக்கும், எங்களுக்கு ஒத்துவரவில்லை. கைகொடுத்தது, "முதலில் சொந்தச் சபையைக் கேளுங்கள்" என்று ஒரு அக்கா சொன்னதுதான். 1979-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லுத்தரன் சபைகள் சேர்ந்து தொடங்கிய கல்லூரி அது, அதனால் போதகரின் பரிந்துரைக் கடிதத்துக்குத் தனி மதிப்பு. சபை பாதிக் கட்டணத்தை ஏற்ற பிறகுதான் உதவித்தொகை விண்ணப்பமே நகர்ந்தது. அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர், மழைக் காலத்தில் சம்பளம் இறங்கிவிடும், ஆகவே ஒரு மாதச் சம்பளச் சீட்டு மட்டும் காட்டாமல் நல்ல மாதம் மோசமான மாதம் எல்லாவற்றையும் கிராணியின் (தோட்ட அலுவலக எழுத்தர்) முத்திரையோடு வைத்தோம்.

எதிர்பாராதது, உதவித்தொகைப் பணம் கைக்கு வராது, கட்டணத்தில் கழித்துவிடுவார்கள். பஸ் காசும் புத்தகமும் நம் பாடு (சபையின் மாதர் ஐக்கியம் பலகாரம் விற்றுக் கொஞ்சம் கொடுத்தது). அப்புறம், படிப்பு முடிந்ததும் சபை அனுப்பும் ஊரில் சில வருடம் ஊழியம் செய்ய ஒப்பந்தம் உண்டு. நடுவில் நின்றால் திருப்பிக் கட்ட வேண்டுமா என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.