மறு: ஃப்ராக்‌ஷனேஷன் – ‘பின்னமாக்கல்’ சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அணுகுண்டு வெடித்தபின் மேகத்திலிருந்து விழும் கதிரியக்கத் துகள்களுக்கு, அதாவது ஃபால்அவுட்டுக்கு (fallout), முன்மொழிந்த ‘துகள்பொழிவு’ எனக்குச் சம்மதம். ‘வீழ்படிவு’ வேண்டாம், சோதனைக் குழாயின் அடியில் தங்குவதற்கு அந்தப் பெயரைப் பள்ளியிலேயே கொடுத்துவிட்டோம்.

எனக்கு உறுத்துவது, அந்தத் துகள்களில் கதிரியக்கத் தனிமங்களின் விகிதம் துகளுக்குத் துகள் மாறிப்போவதற்கு (fractionation) முன்மொழிந்த ‘பின்னமாக்கல்’. ஆக்கல் என்றால் ஆக்குபவர் ஒருவர் வேண்டும். இங்கே யாரும் எதையும் பிரிப்பதில்லை. தீக்கோளம் குளிரக் குளிரத் தானே நடக்கிறது.

வெடிப்பில் உண்டாகும் கதிரியக்கத் தனிமங்களில் சிர்கோனியம்-95 சீக்கிரம் உறைந்து, உருகிய மண்துளிக்கு உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. சீசியம்-137 அப்படியல்ல. அதன் தாய் செனான்-137 ஒரு வாயு, அரை ஆயுள் ஏறத்தாழ 3.8 நிமிடம். அது சிதைந்து சீசியமாவதற்குள் பெரிய துகள்கள் பல மேகத்திலிருந்து இறங்கத் தொடங்கிவிடும். பிறகு உண்டாகும் சீசியம், மிதந்துகொண்டிருக்கும் பொடித் துகள்களின் மேற்பரப்பில்தான் ஒட்டும். அதனால் வெடித்த இடத்தருகே விழுந்ததை அளந்தால் சீசியம் குறைவு, தொலைவில் விழுந்ததில் கூடுதல். வெடித்தது ஒரே குண்டுதான்! ஒரு மாதிரியை மட்டும் வைத்துக் குண்டின் கணக்கைப் போட்டால் தப்பாகிவிடும்.

விழுந்த துகளைப் பகுத்து அளப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1954 மார்ச் 1 போதும். பிகினியில் அமெரிக்கா வெடித்த 15 மெகாடன் குண்டு பவளப்பாறையைப் பொடித்து மேலே தூக்கியது. ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றில், 23 பேர் மேல், அது வெள்ளைச் சாம்பலாகப் பெய்தது. அந்தச் சாம்பலைப் பகுத்த டோக்கியோ வேதியியலாளர்கள் யுரேனியம்-237 இருப்பதைக் கண்டார்கள். வேக நியூட்ரான் யுரேனியம்-238ஐத் தாக்கியதன் தடயம் அது. குண்டின் அமைப்பு இரகசியமாக இருந்த நாளில், ஒரு பிடிச் சாம்பல் அதைச் சொல்லிவிட்டது.

சொல்லுக்குத் திரும்புகிறேன். இது தானே நடப்பதால் என் பரிந்துரை ‘கூறுபிரிதல்’. தன்வினை. ஆய்வகத்தில் நாமே செய்வது ‘கூறுபிரித்தல்’. ஒற்றை ‘த்’ இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும், ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை. கூறுபிரிந்த துகள், கூறுபிரியாத மாதிரி என்று வாக்கியத்திலும் இடறாமல் வரும். ‘பிளவு’ அணுக்கருவுக்குப் போய்விட்டதால் அதோடு மோதவும் இல்லை.

மாதிரியில் இரண்டு கதிரியக்கத் தனிமங்கள் இருக்கும் விகிதத்தை, வெப்ப நியூட்ரானால் (மெதுவாக நகரும் நியூட்ரானால்) யுரேனியம்-235 பிளவுறும்போது வரும் விகிதத்தால் வகுத்து வரும் எண்ணுக்கு மட்டும் எனக்கு நல்ல சொல் அமையவில்லை. ‘கூறுபிரிதல் எண்’ நீளமாக இருக்கிறது. யாருக்காவது குறுஞ்சொல் தோன்றினால் எழுதுங்கள்.